படைப்பு வீட்டுத் திருப்பணி நிறைவு அறிக்கை

சிவமயம்

பங்காளிகள் அனைவருக்கும், ஆச்சிமார்களுக்கும், வெளியூர்களில் வாழும் பெண்மக்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

முன்னோருக்குப் படையலிட்டு வழிபடும் நம் படைப்பு வீட்டுத் திருப்பணி 11 மாதங்கள் நடந்து சென்ற தை மாதம் நிறைவுற்றது. மாசியில் முன்னோருக்குப் படைப்பும் குறைவின்றி நடந்தேறியது. பெரிய ஆச்சியின் நினைவாக என்ன செய்வது என்று முதற் கூட்டத்தில் பேசியபோது, முகப்பில் பளிங்கில் அவர்கள் உருவத்தைப் பதிக்கலாம் என்றும், ஊருணிக் கரையில் ஒரு மண்டபம் கட்டலாம் என்றும் சொன்னவர்கள் உண்டு. இரண்டும் நல்ல எண்ணங்களே. ஆயினும், எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் கூட்டித் துடைத்துக் காத்த வீட்டில் இரண்டாங்கட்டு (வீட்டின் இரண்டாம் பகுதி) ஓடு சரிந்து மழை இறங்கிக்கொண்டிருக்கையில், வேறோர் இடத்தில் தம் பெயரால் கல் நடுவதை ஆச்சி ஒப்பியிருக்க மாட்டார்கள் என்று மூத்த பங்காளி ஒருவர் சொன்னார். அதன்பின் கூட்டத்தில் மறுபேச்சு எழவில்லை.

இளைய தலைமுறையினர் பலர் ஆச்சியை முதுமையில் மட்டுமே கண்டவர்கள் என்பதால், இவ்விடத்தில் சிலவற்றைப் பதிவு செய்வது கடமை என்று கருதுகிறோம். இந்த வளவுக்கு, அதாவது இந்த வீட்டுக்கு, மருமகளாக வந்தபோது அவர்களுக்கு வயது 15. அவர்கள் கணவரான ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போய்வந்த காலம் அது. ஒரு கணக்குக்குப் போனால் மூன்று ஆண்டுகள் கழித்தே ஊர் திரும்புவார்கள். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு கடிதமும் நின்றது, பணமும் நின்றது. கைக்குழந்தையோடு இருந்த ஆச்சி, மாமியார் முன்னிலையில் ஒரு நாளும் கண் கலங்கியதில்லை என்று பெரிய அத்தை சொல்வார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்து பல மாதங்கள் ஆனபின், அரக்கான் வழியாகக் காடும் மலையும் நடந்து கடந்து, உடல் பாதியாக மெலிந்து முகப்பில் வந்து நின்ற ஐயாவை வாசலில் இருந்த வேலையாளுக்கு அடையாளம் தெரியவில்லை. "யாரு?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அடுப்படியில் இருந்த ஆச்சி அந்த இருமலைக் கேட்டு எழுந்து வந்துவிட்டார்கள்.

1948-ஆம் ஆண்டு நிலச் சட்டத்துக்குப் பின் பர்மா வயல்கள் கைவிட்டுப் போயின. ஐயா பேச்சையே குறைத்துக்கொண்ட அந்த ஆண்டுகளில் வீட்டை நடத்தியது ஆச்சியின் கணக்குதான். அந்நிலையிலும் பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்து, நம் வழக்கப்படி ஒவ்வொருவரையும் அதே வளவில் தனி அடுப்பாக வேறு வைத்தபோது, ஓராண்டுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, புளி, மிளகாய் அனைத்தையும் தாமே அளந்து கொடுத்தார்கள். அளந்த படி இன்றும் இருக்கிறது. பித்தளைப் படி, அடியில் வீட்டு விலாசம் (குடும்பப் பெயரின் முதலெழுத்துகள்) வெட்டியிருக்கிறது, விளிம்பில் ஓரிடம் நசுங்கி உள்வாங்கியிருக்கிறது. நசுங்கிய பக்கம் அளவு குறையும் என்பதால், ஒவ்வொரு படிக்கும் மேலாக ஒரு கைப்பிடி சேர்த்துப் போடுவார்கள். மூத்த மருமகளுக்கும் கடைசி மருமகளுக்கும் அந்தக் கைப்பிடி ஒன்றாகவே இருந்தது என்பதை இன்றைக்கும் நான்கு ஆச்சிமார்களும் ஒரே குரலில் சொல்கிறார்கள். ஒரே வளவில் நான்கு அடுப்பு எரிந்தும் வீட்டில் மனக்கசப்பு வராதிருந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

இனித் திருப்பணிக்கு வருவோம். இரண்டாங்கட்டுக் கூரை முழுவதும் பிரிக்கப்பட்டு, உளுத்த கைமரங்கள் மட்டும் மாற்றப்பட்டன. உறுதியாக இருந்த பர்மாத் தேக்கைத் தொடவில்லை. நல்ல நாட்டு ஓடுகளைத் தேர்ந்தெடுத்துக் கழுவி மீண்டும் வேய்ந்தோம். வானவெளியின் (திறந்த முற்றத்தின்) நான்கு மூலைகளிலும் மழைநீர் இறங்கும் தூம்புகள் துருப்பிடித்திருந்ததால் செம்புத் தகட்டில் புதிதாகச் செய்யப்பட்டன. முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, இரண்டாம் மழைக்குக் கிடாரங்களை (பெரிய பாத்திரங்களை) மூலைக்கு ஒன்றாக வைத்து, வாயில் துணி கட்டி, குடிக்கவும் சமைக்கவும் நீர் பிடிப்பது ஆச்சியின் வழக்கம். நீர்வளம் குறைந்த நம் சீமையில் நம் முன்னோர் வீட்டையே நீர் பிடிக்கும் கலமாகக் கட்டினார்கள் என்பதைத் தூம்பைக் கழற்றி மாட்டியபோதுதான் நாங்கள் முழுமையாக உணர்ந்தோம்.

சுவர் வேலையில் நேர்ந்த தவற்றை மறைக்க விரும்பவில்லை. விரைவில் முடிக்கலாம் என்று முதலில் அமர்த்திய ஒப்பந்தக்காரர் சொன்னதைக் கேட்டு, படைப்பு அறையின் பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்டுப் பூச்சுக்கு இசைந்தோம். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளிவிடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடும். அடுத்த மழையிலேயே பூச்சு உப்பி, பொரிந்து, கையோடு வந்தது. அதை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு, பழைய முறை அறிந்த கொத்தனார்களைத் தேடிப் பிடித்தோம். சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டு அரைத்து, ஒரு பூச்சு காய்ந்த பின்னரே அடுத்ததைப் பூசி, கடைசிப் பூச்சை வழவழப்பான கல்லால் தேய்த்து முடித்தார்கள். இதனால் கூடுதலாக மூன்று மாதங்களும் பணமும் செலவாயின. அப்பொறுப்பு முழுவதும் குழுவைச் சார்ந்தது. தேய்த்து முடிந்த அன்று மாலை, கடைசி மருமகளான ஆச்சி அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்து, "அத்தை இருந்தப்போ இப்படித்தான் குளுந்து கெடக்கும்" என்றார்கள்.

பட்டாலையில் உடைந்திருந்த தரைக்கற்கள் ஆத்தங்குடியிலேயே பழைய பூவுக்கு ஒத்த அச்சில் வார்க்கப்பட்டன. கண்ணாடி மேல் வண்ணத்தை ஊற்றி, சூளையில் சுடாமல் நீரிலும் வெயிலிலும் பதமாகும் கற்கள் என்பதால் புதியவை இப்போது சற்று மங்கலாகத் தெரியும். நடக்க நடக்கப் பளபளப்பு வரும். யாரும் ரசாயனம் போட்டுத் துடைக்க வேண்டாம்.

மாசிப் படைப்புக்கான அரிசி ஆச்சியின் படியாலேயே அளக்கப்பட்டது. அளந்தவர் நான்காம் தலைமுறைப் பெண். சொல்லித்தராமலேயே மேலே ஒரு கைப்பிடி சேர்த்துப் போட்டார். ஆச்சிக்கு விருப்பமான கும்மாயம் என்னும் இனிப்பும் படைக்கப்பட்டது. படி இனிப் படைப்பு அறையிலேயே இருக்கும். மெருகேற்றவோ நசுங்கலை நிமிர்த்தவோ கூடாது என்று தீர்மானித்துள்ளோம்.

புள்ளி (மணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) வரியாகவும் நன்கொடையாகவும் வந்த தொகை, கூலி, பொருட்செலவு, மேற்சொன்ன தவற்றால் நேர்ந்த கூடுதல் செலவு ஆகியவை தனித்தனியே காட்டப்பட்ட கணக்கு, தணிக்கைக்குப் பின் ஒவ்வொரு புள்ளிக்கும் அனுப்பப்படுகிறது. மீதத் தொகை ஓடு மாற்றும் செலவுக்கென வங்கியில் தனியே இருக்கும். வீட்டுச் சாவி ஆண்டுக்கு ஒருவராகச் சுற்றிவரும். இவ்வாண்டு மூன்றாம் வீட்டாரிடம் உள்ளது. ஐப்பசி மழைக்கு முன் கூரையில் விழுந்த வேப்பஞ்சருகைத் தள்ளி, நான்கு தூம்புகளையும் துப்புரவு செய்ய வேண்டியது அவர்கள் பொறுப்பு. கிடாரங்களின் வாயில் கட்டும் மல் துணி, துவைத்து மடித்து, இரண்டாங்கட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்கப்பட்டிருக்கிறது.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்