கொசோவோ போர்க்களத்தோடு கதையை முடித்துவிடாதீர்கள்

உலக வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கும் காணொளிகளில் சொல்கிறவர்களுக்கும்,

வணக்கம். செர்பியாவைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் விடாமல் படிக்கிற வாசகர் நான். அந்த உரிமையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

கொசோவோ போரை நீங்கள் நன்றாகவே சொல்கிறீர்கள். 1389 ஜூன் 28. உதுமானிய (ஒட்டோமான்) சுல்தான் முராத் கொல்லப்பட்டார், செர்பிய இளவரசர் லாசரும் மடிந்தார். படிக்கும்போது புழுதி பறக்கிறது. ஆனால் அடுத்த பத்தியில் 1914க்குத் தாவி, சாரயேவோவில் முதல் உலகப் போரைக் கிளப்பிவிட்ட துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. அரசன் செத்த மறுநாள் அந்த நாட்டை யார் நடத்தினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

நடத்தியவர் லாசரின் மனைவி மிலித்சா. மூத்த மகன் ஸ்டெஃபானுக்கு அப்போது ஏறக்குறைய பன்னிரண்டு வயது. தெற்கே, போர்க்களத்திலேயே சுல்தானாகிவிட்ட முராத்தின் மகன் பாயசித். வடக்கே, அந்த ஆண்டு இலையுதிர்காலத்திலேயே படையோடு உள்ளே நுழைந்து கோட்டைகளைப் பிடித்த ஹங்கேரி மன்னர் சிகிஸ்மண்ட். மருமகன் வூக் பிரான்கோவிச் தன் பகுதியில் தனி வழி பார்த்துக்கொண்டிருந்தார். கணவரின் படையில் பெரும்பகுதி களத்திலேயே அழிந்துபோயிருந்தது. இந்த நிலையில்தான் மிலித்சா முடிவெடுக்க வேண்டியிருந்தது. 1390இல் உதுமானிய மேலாதிக்கத்தை ஏற்றார். கப்பம் கட்டவும், சுல்தான் அழைக்கும்போது படை அனுப்பவும் ஒப்புக்கொண்டார். கடைசி மகள் ஒலிவெராவை பாயசித்துக்கே மணமுடித்துக் கொடுத்தார்; தந்தை மாண்ட போரில் எதிரே நின்ற படையில் இருந்த அதே பாயசித்துக்கு.

இதை மெழுகிப் பூசிச் சொல்லும்படி கேட்கவில்லை. பெற்ற மகளை அரசியலுக்கு ஈடாகக் கொடுத்த முடிவு அது. அதன் கொடுமையும் எழுதப்பட வேண்டும். அதோடு, மகன் வயதுக்கு வரும்வரை, 1393வரை, நாடு சிதறாமல் அவன் கைக்கு வந்து சேர்ந்ததும் எழுதப்பட வேண்டும். அதன்பின் அவர் தாம் கட்டிய லுபோஸ்தின்யா மடத்தில் துறவியானார். துறவு பூண்ட பிறகும் அரசியல் விடவில்லை. 1398 வாக்கில் செர்பியப் பிரபுக்கள் சிலர் ஸ்டெஃபான்மீது சுல்தானிடம் கோள்மூட்டியபோது, மகனுக்காகப் பேச பாயசித்தின் அவைக்கே நேரில் போனார். உடன் போனவர் யெஃபிமியா என்ற இன்னொரு துறவி. 1371இல் மரித்சா ஆற்றங்கரைப் போரில் கணவரைப் பறிகொடுத்தவர் அவர்.

அந்த யெஃபிமியா 1402இல் சிவப்புப் பட்டில் பொன்னிழையால் ஒரு புகழுரையை எழுத்து எழுத்தாகத் தைத்தார். மாண்ட லாசரை முன்னிலைப்படுத்திப் பேசும் உரை அது. நீ அநாதையாக விட்டுப்போன பிள்ளைகளை மறந்துவிடாதே, அவர்களுக்குத் துணை நில் என்று கேட்கிறது. பெல்கிரேடில், செர்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் அருங்காட்சியகத்தில் அந்தப் பட்டு இன்றும் இருக்கிறது. கொசோவோவுக்குப் பிந்தைய அச்சத்தை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லும் சான்று வேறு எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஒரு காணொளியிலாவது அதன் படத்தைக் காட்டியிருக்கலாம்.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவரைப் பற்றி நீங்கள் பேசுவதே குறைவு, பேசினாலும் பழியோடுதான். ஈரினி கந்தகுசீனி, செர்பியர் வாயில் யெரினா. பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) உயர்குடியில் பிறந்து, ஸ்டெஃபானுக்குப் பிறகு செர்பியாவை டெஸ்பாட் என்ற பட்டத்தோடு ஆண்ட ஜூராஜ் பிரான்கோவிச்சை மணந்தவர். 1427இல் பெல்கிரேடு ஹங்கேரியின் கைக்குத் திரும்பிப் போனதால் ஜூராஜுக்குப் புதுத் தலைநகர் தேவைப்பட்டது. டான்யூப் கரையில் ஸ்மெடெரெவோ கோட்டை எழுந்தது. சனங்கள் வரியாலும் கட்டாய உழைப்பாலும் நொந்துபோனார்கள். அந்த வேதனை உண்மை. ஆனால் நாட்டுப்பாடல்கள் அதை ஜூராஜின் தலையில் போடவில்லை, வெளியூர்க்காரியான மனைவியின் தலையில் போட்டன. ‘சாபம் பிடித்த யெரினா’ என்பதே அவர் பெயராகிவிட்டது. அவருக்குச் சம்பந்தமே இல்லாத இடிந்த கோட்டைகளைக்கூட செர்பியாவில் பல ஊர்களில் ‘யெரினாவின் கோட்டை’ என்றுதான் சொல்கிறார்கள்.

இத்தனைக்கும் ஸ்மெடெரெவோ கோபுரம் ஒன்றின் சுவரிலேயே பதில் இருக்கிறது. செங்கற்களை எழுத்துகளாக அடுக்கிப் பதித்த கல்வெட்டு அது. டெஸ்பாட் ஜூராஜின் ஆணைப்படி இந்த நகர் எழுப்பப்பட்டது என்று, உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும் பைசாந்தியக் கணக்கில் 6938 என்ற ஆண்டோடு, அதாவது 1430 என்று சொல்கிறது. யெரினா நல்லவர் என்று நான் வாதாடவில்லை. ஆணையிட்டவரின் பெயர் சுவரில் இருக்கும்போது, பாடல் சொல்வதை மட்டும் வரலாறாக எடுத்து வைக்காதீர்கள் என்கிறேன்.

அவர் மகள் மாராவையும் தயவுசெய்து ‘சுல்தானின் அந்தப்புரத்தில் இருந்த செர்பியப் பெண்’ என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். இரண்டாம் முராத்தின் மனைவி அவர். கணவர் இறந்தபின் பைசாந்தியப் பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைனை மணக்க வந்த பேச்சை மறுத்தார். பிற்காலத்தில் இன்றைய கிரேக்கத்தில் உள்ள செர்ரெஸ் அருகே தம் பண்ணையில் வாழ்ந்தார். கணவரின் வேறொரு மனைவிக்குப் பிறந்த மகனான சுல்தான் இரண்டாம் மெஹ்மத் அவரிடம் தாயிடம் காட்டும் மரியாதை காட்டினார். வெனிஸ் தூதர்கள் சுல்தானை அணுக அவர் வழியையும் நாடினார்கள். பதவி எதுவும் இல்லாமல் இந்த அளவு செல்வாக்கு!

கடைசியாக, இன்றைய செய்திக்கு வருகிறேன். அனா பிர்னபிச் 2017இல் பிரதமரானபோது ‘செர்பியாவின் முதல் பெண் பிரதமர்’ என்று எல்லோரும் எழுதினீர்கள். அது சரியான தகவல். அதோடு நின்றுவிட்டதுதான் குறை. அவர் பதவியில் இருந்த காலம் முழுக்க, உண்மையான அதிகாரம் அதிபர் வுசிச்சிடம்தான் இருந்தது என்ற விமர்சனம் அங்கே ஓயவில்லை. நாற்காலி யாருடையது, முடிவு யாருடையது என்பதை மிலித்சாவுக்குக் கேட்பது போலவே இவருக்கும் கேளுங்கள். அந்த மண்ணில் பெண்களுக்கு வாக்குரிமையே 1945இல்தான் கிடைத்தது என்பதையும் அதே கட்டுரையில் சேருங்கள்.

அடுத்த ஜூன் 28இல் எப்படியும் உங்களில் யாராவது கொசோவோவைப் பற்றி எழுதுவீர்கள். அப்போது 1393வரையாவது வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்