பந்தியை வெட்டிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இணைப்பில் 16ஆம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர் பாவ்லோ வெரோனேசேயின் ‘லேவி வீட்டு விருந்து’ ஓவியம் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. மத விசாரணைக்குப் பயந்து படத்தின் பெயரை மட்டும் மாற்றித் தப்பித்துக்கொண்டவர் என்று ஓவியரைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டார் கட்டுரையாளர். எனக்கு அது சரியாகப் படவில்லை.

நான் ஓவியம் படித்தவன் இல்லை. 35 வருடம் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்தவன். மகள் வெனிஸுக்கு அழைத்துப் போனபோது அக்காதெமியா கலைக்கூடத்தில் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். ஏறக்குறைய 18 அடி உயரம், 42 அடி நீளம். என் கண் முதலில் இயேசுவிடம் போகவில்லை. மன்னிக்கவும், தொழில் புத்தி. பரிமாறுகிறவர்களிடம்தான் போனது.

ஒரு மடத்தின் சாப்பாட்டுக்கூடத்துக்கு வரைந்த படம் இது. அங்கே முன்பு இருந்த, தித்சியானோ (டிஷியன்) என்ற ஓவியர் வரைந்த இராப்போஜன ஓவியம், அதாவது இயேசு சீடர்களோடு கடைசியாகச் சாப்பிட்ட காட்சி, 1571இல் தீயில் போனது. அதற்குப் பதிலாக வந்ததும் இராப்போஜனம்தான். ஆனால் 1573 ஜூலை 18 அன்று திருச்சபையின் விசாரணை மன்றம் வெரோனேசேயைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. மூக்கில் இரத்தம் வடியும் வேலைக்காரன் எதற்கு? கையில் கிளியோடு கோமாளி எதற்கு? படியில் உட்கார்ந்து தின்று குடிக்கும் ஜெர்மன் சிப்பாய்கள் எதற்கு? கவிஞர்களும் பித்தர்களும் எடுத்துக்கொள்ளும் உரிமையை ஓவியர்களும் எடுத்துக்கொள்கிறோம் என்றார் அவர். இயேசுவின் சீடர் பேதுரு ஆட்டுக்கறியைப் பங்கு போடுகிறார், பக்கத்தில் ஒருவர் தட்டு நீட்டுகிறார், இன்னொருவர் முள்கரண்டியால் பல் குத்துகிறார் என்றும் வரிசையாகச் சொன்னார். அப்புறம் ஒரு விருந்து மேற்பார்வையாளர். பந்தி எப்படி நடக்கிறது என்று பார்க்கத் தானாகவே வந்து நிற்பவராம். அதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். எத்தனை மண்டபத்தில் அப்படி நின்றிருக்கிறேன்!

மூன்று மாதத்துக்குள் சொந்தச் செலவில் படத்தைத் திருத்தச் சொன்னார்கள். அவரோ படத்தில் வரைந்திருந்த கைப்பிடிச் சுவரில், லேவி ஆண்டவருக்குப் பெரிய விருந்து பண்ணினான் என்று லத்தீனில் எழுதி, பைபிளில் லூக்கா 5ஆம் அதிகாரம் என்றும் குறித்தார். இதைத்தான் உங்கள் கட்டுரையாளர் தந்திரம் என்கிறார்.

அந்த அதிகாரத்தை அவர் எடுத்துப் பார்த்தாரா? லேவி ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன். அவன் வீட்டுப் பந்தியில் ஆயக்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயக்காரரோடும் பாவிகளோடும் ஏன் சாப்பிடுகிறீர்கள் என்று பரிசேயர், அதாவது மதச் சட்டத்தில் கறாரான யூதர்கள், முறுமுறுக்கிறார்கள். இந்த ஆட்களுக்கு இங்கே என்ன வேலை என்றுதானே விசாரணை மன்றமும் கேட்டது? கேள்வி கேட்டவர்களையும் அந்த ஒரு வரி படத்துக்குள் உட்கார வைத்துவிட்டது. வரையும்போது வெரோனேசே லேவியை நினைக்கவில்லை என்பது உண்மைதான். விசாரணையில்கூட சீமோன் வீட்டு இராப்போஜனம் என்றே சொன்னார். இருந்தாலும் மேல்வீட்டு அறையில் பன்னிரண்டு பேரோடு நடந்த சாப்பாட்டுக்கு இத்தனை எடுபிடிகள் தேவைப்படாது. பின்னால் வந்த பெயர்தான் படத்துக்குப் பொருந்துகிறது.

நாயையும் விட்டுவிட்டார்கள் கட்டுரையில். மேசைக்கு முன்னால் நட்டநடுவில் ஒரு நாய். அதற்குப் பதிலாக, இயேசுவைப் பின்பற்றிய மகதலேனா மரியாளை வரையச் சொன்னார்களாம். அவள் அங்கே நன்றாக இருப்பாள் என்று தமக்குத் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டார். நாய் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

கடைசியாக ஒரு குறை. நீங்கள் அச்சிட்ட படத்தில் நடு வளைவு மட்டும்தான் இருந்தது. படிக்கட்டு இல்லை, சிப்பாய்கள் இல்லை, கோமாளி இல்லை, பரிமாறுகிறவர் பாதிப் பேர் இல்லை. விசாரணை மன்றம் கேட்டதை நீங்கள் செய்து கொடுத்துவிட்டீர்கள். அடுத்த ஞாயிறு நடுப்பக்கம் இரண்டையும் சேர்த்து முழுப் படத்தையும் போடுங்கள்.

ஓய்வுபெற்ற சமையல் கான்ட்ராக்டர்,
பாளையங்கோட்டை