ஆடுகளத்துக்கு அரித்த மண்ணை எங்கள் கரைக்கும் அரித்துத் தாருங்கள்

கடற்கரைக் கரப்பந்தாட்டப் போட்டியை நடத்திய ஏற்பாட்டுக் குழுத் தம்பிமாருக்கும், பின்னால் நின்று காசு தந்த வெளிநாட்டு அண்ணமாருக்கும், அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வைத்த ஐயாமாருக்கும் வணக்கம்.

போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் முல்லைத்தீவுக் கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நடத்தினதே நீங்கள். விளையாட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. 1991 இலிருந்து கரப்பந்து இந்த நாட்டின் தேசிய விளையாட்டு என்கிறார்கள், வன்னிக்கு அதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு தடியும் கழித்துப்போட்ட ஒரு வலையும் கிடைத்தால் பொழுதுபட முன்னம் ஒரு ஆட்டம் போட்டுவிடுகிற ஊர்கள்தான் இங்கே எல்லாம். சனிக்கிழமை பின்னேரம் நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தேன், பெண்பிள்ளைகளின் ஆட்டத்துக்குக் கைதட்டினேன். கச்சான் விற்ற அக்காவுக்கும் நல்ல வியாபாரம்.

பிரச்சினை பந்தை எடுத்து உள்ளே வைத்த பிறகு தொடங்கியது. சவுண்ட் பொக்ஸை அடுக்கி, டிஜேயை ஏற்றி, லைட் அடித்து, இரண்டு இரவும் விடியப்புறம் வரைக்கும் ஆடினீர்கள். ஆடுங்கள், இளந்தாரிகள் ஆடாமல் யார் ஆடுவது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 இலேயே சொல்லிவிட்டது. விசேட நிகழ்வுக்கு விலக்கு எடுக்கலாம், நீங்களும் எடுத்திருப்பீர்கள். சரி, அதை விடுகிறேன். இரண்டு இரவு நித்திரை கெட்டதற்காக நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

போத்தலுக்காக எழுதுகிறேன். பியர்ப் போத்தல், சாராயப் போத்தல், சோடாப் போத்தல் எல்லாம் ஆடின இடத்திலேயே கிடந்தன. முழுதாய்க் கிடந்ததைப் பொறுக்கி விற்கச் சிறுவர்கள் விடியவே வந்துவிட்டார்கள், அதனால் முழுப் போத்தல் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. உடைந்ததுதான் பிரச்சினை. உடைந்ததை யாரும் பொறுக்கவில்லை, காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

அந்த இடம் எங்கள் கரைவலைப் பாடு, கரையில் நின்று நாங்கள் வலை இழுக்கிற இடம் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப்பேர் கரைவலைக் காசில் படித்தவர்கள். தெரியாத மாதிரி நடப்பதால் மட்டும் திரும்பச் சொல்கிறேன். தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்த பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க வேண்டும், இடுப்பில் பட்டி கட்டி அதைக் கயிற்றில் கொளுவி, கடலைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து, குதிக்காலை மண்ணுக்குள் ஊன்றி ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் அந்தக் குதிக்காலில் போட்டு. செருப்புப் போட்டால் புதையும், வழுக்கும். அதனால் எல்லோரும் வெறுங்கால். பின்பக்கமாக நடக்கிறவனுக்குக் கால் வைக்கிற இடம் தெரியாது. தெரிந்தாலும் கபில நிறப் போத்தல் ஓடு ஈர மண்ணில் கிடந்தால் கண்ணுக்குப் படாது.

திங்கள் காலை முதல் வளைப்பில் என் பெரியப்பாவின் குதிக்காலில் ஏறிவிட்டது. அறுபது தாண்டின மனுசன், சீனி வருத்தக்காரர். ஏறின உடனே கயிற்றை விட்டுவிட்டு உட்காரவும் முடியாது, ஒரு பக்கம் தளர்ந்தால் மீன் சேருகிற வலை மடி திரும்பி மீன் வெளியே போய்விடும் என்று அவருக்குத் தெரியும், அந்த மனுசன் வலை கரைக்கு வரும் வரைக்கும் அந்தக் காலோடே ஊன்றி இழுத்திருக்கிறார். பின்னால் நின்ற பெடியன் மண்ணில் இரத்தத்தைக் கண்டுதான் கத்தினான். ஆஸ்பத்திரியில் போத்தல் துண்டை எடுத்து, இழை போட்டு, ஏற்பு ஊசியும் போட்டார்கள். காலை நனைக்கக் கூடாது, மண்ணில் வைக்கக் கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து மருந்து கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கரைவலைக்காரனுக்குக் காலை நனைக்காதே என்றால் வீட்டில் இரு என்று அர்த்தம். எங்கள் தொழிலில் சம்பளம் கிடையாது, பங்குதான். இழுக்காதவனுக்குப் பங்கு இல்லை. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி இரக்கப்பட்டு அரைப்பங்கு அனுப்பினார், அதை வாங்கப் பெரியப்பாவுக்கு மனம் இல்லை. சீனி வருத்தக்காரனின் காலில் புண் வந்தால் அது எங்கே போய் முடியும் என்று ஊரில் இரண்டு மூன்று பேரைப் பார்த்திருக்கிறோம். பெரியம்மா அதைப் பற்றி வாய் திறப்பதில்லை, காலையும் மாலையும் அந்தக் கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறா.

இப்போது நீங்கள் நடத்தின போட்டியின் சட்டத்துக்கு வருகிறேன். கடற்கரைக் கரப்பந்து ஆடுகளம் 16 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம். சுற்றிவர ஆகக் குறைந்தது 3 மீற்றர் வெளி விட வேண்டும். சர்வதேசப் போட்டி என்றால் மண் 40 சென்ரிமீற்றர் ஆழத்துக்காவது இருக்க வேண்டும். கல், சிப்பி, காலை வெட்டக்கூடிய வேறு எதுவும் அந்த மண்ணில் இருக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் அதை ஒழுங்காகச் செய்தீர்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் சல்லடை வைத்து மண் அரித்ததை கரையில் இருக்கிற எங்கள் மீன் வாடிக் கொட்டிலில் இருந்து பார்த்தோம், ஒரு சிப்பி விடாமல் பொறுக்கினீர்கள். வெளியூரிலிருந்து வருகிற விளையாட்டு வீரனின் காலில் ஒரு கீறல் விழக் கூடாது என்ற அந்த அக்கறைக்குக் கோடி புண்ணியம். அடுத்த நாள் இரவு அந்த ஆடுகளத்தின் கோட்டுக்கு அங்கால் போத்தலை உடைத்தவர்களும் உங்கள் ஆட்கள்தானே? கோட்டுக்கு உள்ளே இருக்கிற கால் வேறு, வெளியே இருக்கிற கால் வேறா?

கேட்பது ஒன்றுதான். போத்தல் மண்ணுக்கு இறங்கக் கூடாது, போகிறபோது மண்ணை அரித்துத் தந்துவிட்டுப் போக வேண்டும்.

இதைக் கேட்டால் உடனே ஒருவர் சொல்கிறார், கடற்கரை எல்லோருக்கும் பொது என்று. பொதுதான். 2004 இல் கடல் வந்து ஊரைக் கொண்டுபோனபோதும் இந்தக் கரையில் நாங்கள்தான் இருந்தோம். 2009 க்குப் பிறகு முகாமிலிருந்து திரும்பி வந்தபோது, கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் துண்டு துண்டாய்ப் பிரித்து, இனிப் பயமில்லாமல் கால் வைக்கலாம் என்று சொன்ன பிறகுதான் இந்தப் பக்கத்து மண்ணில் கால் வைத்தோம். அப்படிக் கிடைத்த மண்ணில் போத்தல் துண்டை விதைக்கிறீர்கள். கடலுக்குள்ளே போனால் ரோலர் படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போகிறது, வெளிச்சம் பாய்ச்சிப் பிடிக்கிறவன் குஞ்சையும் விடுவதில்லை, மண்ணெண்ணெய் விலையைப் பற்றிக் கதைத்தால் விடிந்துவிடும், அதிகாரிகளிடம் போனால் கடிதம் எழுதித் தாருங்கள் என்கிறார்கள், எழுதின கடிதம் எல்லாம் எந்த அலுமாரிக்குள் இருக்கிறதோ. மிச்சம் இருந்தது கரை ஒன்றுதான். அதிலும் இனிப் பார்த்துப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் கடலைக் காப்போம் என்று பெரிய பனர் ஒன்று கட்டியிருந்தீர்களே, அதுவும் பிளாஸ்ரிக்தான், காற்றுக்குக் கழன்று இப்போது எங்கள் தோணியடியில் கிடக்கிறது. தேவையென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசிவிட்டேன், குறை நினைக்காதீர்கள். விசயத்துக்கு வருகிறேன்.

அடுத்த மாதமும் போட்டி இருக்கிறது என்று சந்தியில் போஸ்டர் பார்த்தேன். நிறுத்தச் சொல்லவில்லை. வாடைக்காற்றுத் தொடங்கினால் உங்களுக்கும் கரை இல்லை, எங்களுக்கும் வலை இல்லை. தென்மேற்குச் சோளகக் காலத்தில்தான் இந்தக் கடல் அடங்கிக் கிடக்கும், உங்கள் விளையாட்டும் எங்கள் பிழைப்பும் அதே மாதங்களில்தான் வர வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஒரு ஒழுங்குக்கு வரச் சொல்கிறேன். குடிக்கிறவர்கள் ரின்னில் வாங்கிக் குடிக்கட்டும், போத்தலோடு வருகிறவனை வாசலிலேயே நிறுத்துங்கள், ரிக்கெற் பார்க்க நிற்கிற தம்பிமாருக்கு அது பெரிய வேலை இல்லை. போட்டிக்கு முன்னம் கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒரு தொகைக் காசைக் கட்டி வையுங்கள். முடிந்த பிறகு சங்கத்து ஆட்களும் நீங்களும் சேர்ந்து கரையை நடந்து பார்ப்போம், வெறுங்காலோடு. மண் துப்புரவாக இருந்தால் அந்த இடத்திலேயே காசைத் திருப்பித் தரச் சொல்லுவோம், ஒரு சதம் குறையாது. அனுமதி கொடுக்கிற ஐயாமார் இந்த இரண்டையும் அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிட்டால் நாங்கள் உங்களிடம் தனித்தனியாகக் கெஞ்சத் தேவையில்லை.

பெரியப்பாவுக்கு நட்டஈடு கேட்டு எழுதச் சொல்லி ஊரில் சிலர் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். உங்களில் யாராவது ஒருவர் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனால் நல்லது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் வலை வளைப்பதில்லை, திங்கள் விடியவே தோணி இறங்கிவிடும். ஆகவே ஞாயிறு ஆட்டம்பாட்டத்தை நேரத்தோடு முடித்து, பொழுதுபட முன்னம் அரித்துவிடுங்கள், இருட்டில் ஓடு தெரியாது. தயவுசெய்து போத்தலை மண்ணுக்கு இறக்காதீர்கள், மண்ணை அரித்துத் தாருங்கள். சல்லடை காணாவிட்டால் எங்கள் வாடியில் இரண்டு இருக்கிறது, கேட்டால் தருவோம்.

இப்படிக்கு,
முல்லைத்தீவுக் கரைவலைத் தொழிலாளி ஒருவன்