ஐந்தாவது மனு: மலையடிவாரப் பிள்ளைகள் காட்டுக்குள் நடக்க அனுமதி வேண்டி

அனுப்புநர்
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
மணிமுத்தாறு அருகே,
அம்பாசமுத்திரம் வட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: எங்கள் பகுதி மாணவ மாணவியர் 22 பேர் மாதம் ஒரு சனிக்கிழமை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனப் பணியாளர் துணையுடன் நடந்து கற்க அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது மனுக்கள், நாள்: 13.06.2022, 23.01.2023, 11.09.2023, 08.07.2024.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட நான்கு மனுக்களையும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று நேரில் கொடுத்தேன். நான்கிற்கும் ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. தங்கள் அலுவலகத்திலிருந்து அவை உடனே மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டன, அதற்கு நன்றி. போய்ச் சேர்ந்த அலுவலகத்தில்தான் நின்றுவிட்டன. யாரையும் காட்டிக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை என்பதால் அந்த அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பிள்ளைகளின் நிலையை மட்டும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

1. நான் 2021-ல் ஓய்வு பெற்றேன். அன்று முதல் சனிக்கிழமைதோறும் ஊர்ப் பிள்ளைகளைக் குளத்தங்கரைக்கு அழைத்துப் போகிறேன். எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் 22 பேர், அவர்களில் 13 பேர் பெண் பிள்ளைகள். பெரும்பாலும் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள், வாழைத் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் மூன்று ஆண்டாகக் கலந்துகொள்கிறார்கள். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் என்று பெயர் சொல்லி எண்ணி, தேதி போட்டுக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். பாபநாசம் படித்துறையில் பரிகாரத்துக்கு வருகிறவர்கள் ஆற்றில் விட்டுப் போகும் துணிகள் தாங்கள் அறியாதது அல்ல. ஆடி அமாவாசை முடிந்த வாரம் அந்தத் துணிகளை இந்தப் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்துக் கரை சேர்த்தார்கள். நனைந்த சேலை என்ன கனம் கனக்கும் என்பது இழுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

2. முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயங்கள் ஆயின. 1988-ல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணீர் இந்த மலையிலிருந்துதான் இறங்குகிறது. இந்தக் காட்டைக் காப்பாற்றியதில் அடிவார ஊர்களுக்கும் பங்கு உண்டு. தொண்ணூறுகளில் ஊருக்கு ஊர் கிராம வனக்குழு அமைத்தபோது, விறகுக் கட்டு சுமந்து இறங்கிய பெண்கள் கறவை மாட்டுக்கும் தையல் மிஷினுக்கும் மாறியதை என் கண்ணால் பார்த்தவன் நான். அந்தக் குழுக்களில் முன்னால் நின்றவர்களுக்கு இப்போது அறுபதும் எழுபதும் வயது ஆகிவிட்டது. சிலர் இறந்தும் போனார்கள். அவர்கள் இடத்துக்கு யார் வருவது? பறவைகள் சரணாலயம் உள்ள கூந்தன்குளத்தில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கும் வழக்கமும் அங்கே உண்டு. அந்த ஊர்க் குழந்தை பறவைகளுக்கு நடுவிலேயே வளர்வதால் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அது கைவருகிறது. எங்கள் பிள்ளைகள் வாசலில் நின்றாலே மலை தெரிகிறது. அந்த மலைக்குள் கால் வைத்துப் பார்த்தவர்கள் 22 பேரில் மூன்று பேர்தான். அதுவும் கோயிலுக்குப் போன வேனில் இருந்தபடி.

3. நான் கேட்டது ஒரே ஒரு கடிதம். மாதம் ஒரு சனிக்கிழமை, காலை 6 மணி முதல் 11 மணி வரை, வனக்காப்பாளர் அல்லது வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் துணையுடன், அவர்கள் காட்டும் பாதையில் மட்டும் நடக்க அனுமதி. காரையாறு பகுதிக் காணிக்காரப் பழங்குடியினரில் ஒரு பெரியவர் உடன் வந்து மரம் செடிகளைச் சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது. பெற்றோரின் ஒப்புதல் கடிதங்களைத் தந்துவிட்டேன். அரசு ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை, வேன் வாடகையை என் பென்ஷனில் கொடுத்துவிடுகிறேன்.

முதல் மனுவுக்குப் பின் நேரில் போய்க் கேட்டேன். மழைக்காலம் முடியட்டும் என்றார்கள். மழை முடிந்து போனேன். புலிகள் கணக்கெடுப்பு வேலை இருக்கிறது என்றார்கள். அது முடிந்து போனேன். தீக்காலம், இப்போது யாரையும் விட முடியாது என்றார்கள். அதில் நியாயம் உண்டு, ஏற்றுக்கொண்டேன். தீக்காலம் முடிந்து போனால் ஆடி அமாவாசைக் கூட்டம், ஆள் இல்லை. அதன் பின் போனால் அலுவலர் மாறுதலாகிப் போய்விட்டார், புதியவர் வந்ததும் பாருங்கள். புதியவர் வந்தார். கோப்பு கிடைக்கவில்லை. மறுபடியும் மழைக்காலம். ஐயா, வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம்தானே! பன்னிரண்டுக்கும் ஒவ்வொரு காரணம் இருந்தால் நான் எந்த மாதம் வருவது? ஒவ்வொரு முறையும் சேரன்மகாதேவி வழியாக இரண்டு பஸ் மாறிப் போய், பெஞ்சில் உட்கார்ந்திருந்து, சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பினால் தெருமுனையில் பிள்ளைகள் நிற்கிறார்கள். "சார், எப்ப சார் உள்ள வுடுவாவ?" என்று கேட்கிறார்கள். அடுத்த மாதம் என்று எத்தனை முறை சொல்வேன்?

டிக்கெட் எடுத்து அருவிக்குப் போகலாமே என்று ஒருவர் சொன்னார். பிள்ளைகள் குளிக்கவா கேட்கிறார்கள்? குரங்குக்கு பிஸ்கட் போடுகிற கூட்டத்தோடு போய் வந்தால் சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கைப் பற்றி என்ன தெரிந்துகொள்வார்கள்?

4. முதல் மனு கொடுத்தபோது எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள் இப்போது பிளஸ் ஒன். அன்று பிளஸ் ஒன்னில் ஒரு பையன் இருந்தான். ஆடு மேய்க்கிற வீடு. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே அறுபது பறவைக்கு மேல் சொல்வான். மலையோரம் மிளா மான் கத்தினால், அது சாதாரணமாகக் கத்துகிறதா எதையோ கண்டு பயந்து கத்துகிறதா என்று பிரித்துச் சொல்வான். அவன் அம்மா என்னிடம், "சார்வாள், பறவ பாத்தா சோறு கெடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்கும் அம்மா, வனத்துறையில் வேலை உண்டு, முதலில் உள்ளே போய்ப் பழகட்டும் என்றேன். கடிதம் வரவில்லை. 2024-ல் பிளஸ் டூ முடித்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அந்தத் தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் வீட்டுக்கு வந்து முதலில் கேட்டது, "அந்தக் கடிதம் வந்துட்டா சார்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

5. பிள்ளைகள் வளர்வதை நிறுத்திவைக்க முடியாது. ஐயா, கோப்பு காத்திருக்கும், பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள்.

6. சென்ற மார்ச் மாதம் எங்கள் ஊர்த் தோப்புக்குள் கரடி வந்தது. செல்போனைத் தூக்கிக்கொண்டு நூறு பேர் சுற்றி நின்றார்கள், கல் எறியவும் ஆள் இருந்தது. இந்தக் குழுவில் உள்ள இரண்டு பெண் பிள்ளைகள்தான் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்று, "கரடிக்கு வழி விடுங்க, அது தானாப் போயிரும்" என்று கத்திப் பெரியவர்களைப் பின்வாங்க வைத்தார்கள், வனத்துறைக்கும் போன் செய்தார்கள். வந்த வனக்காவலர் ஊரார் முன்னிலையில் அவர்களைப் பாராட்டினார். வாழையைப் பன்றி சாய்த்துவிட்டது என்று அப்பா வலை கட்டப் போனால், வேண்டாம், இழப்பீட்டுக்கு எழுதுவோம் என்று தடுத்து மனு எழுதிக்கொடுக்கிற பிள்ளைகளும் இதே குழுவில்தான் இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து சொன்னால் ஊரில் எடுபடாது. வீட்டுப் பிள்ளை சொன்னால் எடுபடும். இவர்களைத்தான் நாம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, மேற்படி அனுமதிக் கடிதத்தை இந்த ஆகஸ்ட் மாதத்துக்குள் வழங்க உத்தரவிட வேண்டுகிறேன். 18 வயது நிரம்பியவர்களைத் தீத்தடுப்புப் பணியிலும் கணக்கெடுப்பிலும் உதவியாளராகச் சேர்த்துப் பழக்க வேண்டுகிறேன். இரண்டாவது கோரிக்கைக்குக் காலம் ஆகும் என்றால் பொறுத்துக்கொள்கிறோம். முதல் கோரிக்கைக்கு இனியும் பொறுக்க முடியாது.

அனுமதி தர இயலாது என்பதே முடிவு என்றால், அதையாவது ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டுத் தாருங்கள். பிள்ளைகளிடம் காட்டிவிடுகிறேன். மூன்று வருஷமாக அவர்களிடம் நான் பொய் சொல்கிறவனாக நிற்கிறேன், ஐயா.

மீண்டும் வேண்டுகிறேன்: மாதம் ஒரு சனிக்கிழமை, ஐந்து மணி நேரம், 22 பிள்ளைகள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
22 மாணவ மாணவியர் சார்பாக.

இடம்: மணிமுத்தாறு
நாள்: 07.07.2025

இணைப்பு: ஒப்புகைச் சீட்டு நகல்கள் 4, பெற்றோர் ஒப்புதல் கடிதங்கள் 22, பறவைக் குறிப்பேட்டின் நகல் 8 பக்கம் (அதில் முதல் மூன்று பக்கம் திருப்பூர் போன பையன் எழுதியது).