டிரைவர்கள் போனில் எங்கள் வாடகைக் கணக்கு: ஆப் மாற்றிய வேலை குறித்துப் புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
லாரி புக்கிங் ஆபீஸ்,
நாமக்கல்.

பெறுநர்:
மேலாளர்,
எங்கள் லோடு ஆப்பைப் பராமரிக்கும் மென்பொருள் நிறுவனம்.

பொருள்: ஆப்பில் யார் எதைப் பார்க்கலாம் என்று காவல் காக்கும் ஸ்பிரிங் செக்யூரிட்டி மென்பொருளை 5.7இலிருந்து 6க்கு மாற்றியதில் மெசேஜ் அனுமதி விதிகள் குலைந்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். போன வாரம் எங்களிடம் பல வருஷமாக ஓடும் ஒரு டிரைவர் போன் செய்தார். "அண்ணே, கொல்கத்தா லோடுக்குப் பார்ட்டி கொடுக்கிறது 1,12,000. எனக்கு 98,000தான் பேசினீங்க. நடுவுல 14,000 எங்கண்ணே போச்சு?" என்று கேட்டார். கோபம்கூட இல்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அந்த 14,000இல் கமிஷன் இருக்கிறது, ஏற்றுக்கூலி இருக்கிறது, மாமூலாகப் பார்ட்டி பிடித்துக்கொள்ளும் தொகைக்கு ஒதுக்கியதும் இருக்கிறது. அதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். ஆனால் பார்ட்டி பேசிய தொகை ஆபீஸில் மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது. அவருக்கு எப்படித் தெரிந்தது?

ஆப்பில் வந்ததாம். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் நான்கு பேர் கூப்பிட்டுவிட்டார்கள்.

உங்கள் சப்போர்ட்டுக்குப் போன் செய்தால், "சார், மைக்ரேஷன் சக்ஸஸ், எல்லாமே வேலை செய்யுது" என்றார்கள். அதுதான் பிரச்சினையே. பூட்டு இல்லாத கதவும் நன்றாகத்தான் திறக்கும்.

என் அண்ணன் மகள் பெங்களூரில் ஜாவா வேலையில் இருக்கிறாள். லீவுக்கு வந்தவளை உட்காரவைத்து, நீங்கள் ஒப்படைத்த கோடைக் காட்டினேன். அவள் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள், ஆனால் எழுத்தில் திருத்துங்கள்.

பழைய கோடில் விதிகள் வரிசையாக இருந்தன. '/டாபிக்/வாடகை' என்று தொடங்கும் சேனலை, அதாவது மெசேஜ் வரும் வழியை, கேட்க ஆபீஸ் ரோல் (ஆபீஸ் ஆள் என்ற உரிமை) வேண்டும். '/டாபிக்/லோடு' சேனலை லாகின் செய்த எவரும் கேட்கலாம். '/ஆப்' என்று தொடங்கும் முகவரிக்கு லாகின் செய்தவர்கள் மெசேஜ் அனுப்பலாம். அதற்கப்புறம் வரும் சப்ஸ்கிரைப் (சேனலைக் கேட்கும் கோரிக்கை), மெசேஜ் எல்லாம் மறுப்பு. கடைசி வரியும் மறுப்பு. இதை எழுதிய பழைய பையன் இப்போது உங்களிடம் இல்லை என்று கேள்விப்பட்டேன். நல்ல பையன்.

புது முறையில் அந்த விதிகளை ஆதரைசேஷன் மேனேஜர் என்ற பீனாக (ஸ்பிரிங் தானே எடுத்துப் பயன்படுத்தும் கோடுத் துண்டாக) எழுத வேண்டுமாம். எழுதியிருக்கிறீர்கள். ஆனால் '/டாபிக்' என்று தொடங்கும் எதையும் லாகின் செய்தவர் கேட்கலாம் என்ற வரியை மேலே போட்டு, வாடகைக்கு ஆபீஸ் ரோல் வேண்டும் என்பதை அதற்குக் கீழே போட்டிருக்கிறீர்கள். ஸ்பிரிங் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். அப்படியானால் கீழே இருக்கும் வாடகை விதிக்கு வேலையே இல்லை. அது கோடில் இருக்கிறது, படிக்கிறவருக்கு நம்பிக்கையும் தருகிறது, ஆனால் ஒரு நாளும் ஓடவில்லை. வரிசையைச் சுருக்கி அழகுபடுத்த நினைத்தீர்களோ என்னவோ.

அப்புறம் அந்த மறுப்பு வரிகள். இரண்டையும் எடுத்துவிட்டு, கடைசியில் எந்த மெசேஜானாலும் லாகின் இருந்தால் போதும் என்று போட்டிருக்கிறீர்கள். இதன் விளைவை அண்ணன் மகள் கண்ணெதிரே காட்டினாள். ஒரு டிரைவர் லாகினில் உள்ளே போய், '/ஆப்' வழியாக வராமல் நேராக '/டாபிக்/லோடு' சேனலுக்கே "சோதனை, கண்டுகொள்ள வேண்டாம்" என்று ஒரு மெசேஜ் அனுப்பினாள். எங்கள் சர்வர் கோடு எதையும் தொடாமல் அது மெசேஜைப் பங்கிட்டு அனுப்பும் புரோக்கர் என்ற மென்பொருள் வழியாக எல்லார் போனிலும் ஆபீஸ் அறிவிப்பு மாதிரியே வந்து நின்றது. "சித்தப்பா, இதில் 'லோடு கேன்சல்' என்று அனுப்பியிருந்தால்?" என்றாள். வாடகை கசிந்ததைவிட இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பாதி வழியில் வண்டி திரும்பினால் டீசல் காசு யார் தருவது?

இன்னொன்றும் உண்டு. ஒருவருக்கு மட்டும் போக வேண்டிய தனி மெசேஜ்கூட சர்வருக்குள்ளே '/க்யூ' என்று தொடங்கும் முகவரியாக மாறித்தான் போகிறதாம். அங்கே எதற்கும் பொருந்தும் நட்சத்திரக் குறி போட்டு சப்ஸ்கிரைப் செய்தால் மற்றவர்களுடையதையும் கேட்கலாம். பழைய மறுப்பு வரி தடுத்துவைத்திருந்தது இதையும்தான்.

வேறு தளம் நம் ஆள் பெயரில் நுழையாமல் தடுக்கும் அடையாளச் சீட்டான சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் விஷயத்துக்கு வருகிறேன். 6இல் அந்த டோக்கன் ஒவ்வொரு முறையும் முகமூடி போட்டு (உருமாற்றி மறைத்து) வர வேண்டும், எங்கள் ஆப் பழைய வழக்கப்படி குக்கியில் இருப்பதை அப்படியே அனுப்பியது, அதனால் கனெக்ட் ஆகவில்லை. சரி, நியாயமான சிக்கல்தான். ஆப் பக்கம் சரிசெய்திருக்கலாம், அல்லது முகமூடி இல்லாத பழைய சரிபார்ப்பையே அதே பெயரில் பீனாக வைத்திருக்கலாம். நீங்கள் ஒன்றுமே செய்யாத காலி இன்டர்செப்டரை (வரும் மெசேஜை நிறுத்திச் சோதிக்க வேண்டிய துண்டை) அந்தப் பெயரில் நிறுத்தியிருக்கிறீர்கள். சோளக்கொல்லை பொம்மைக்குக் காவல்காரன் சட்டை! போதாததற்கு, எந்தத் தளத்திலிருந்தும் இணைப்பு வரலாம் என்று ஒரிஜின் பட்டியலிலும் நட்சத்திரம்.

மாற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய ஆப் ஓடிய அடித்தளமான ஸ்பிரிங் பூட் 2.7க்கு இலவசப் பராமரிப்பு 2023 நவம்பரோடு முடிந்தது என்று நீங்கள் விளக்கியபோது ஒப்புக்கொண்டுதான் முன்பணம் தந்தேன். ஜாவா 17க்காக சர்வரையும் மாற்றினேன். ஆனால் விதி எழுதும் இந்தப் புது முறை ஸ்பிரிங் செக்யூரிட்டி 5.8லேயே வந்துவிட்டதாம். 6க்குப் போகிறவர்கள் முதலில் ஏறி நின்று பார்க்கும் படி அது. அங்கே மெசேஜ் விதிகளை மட்டும் மாற்றி ஒரு வாரம் ஓட்டியிருக்கலாம். அவசரம் என்றால் பழைய கிளாஸே 6இலும் இருந்தது, 'டெப்ரிகேட்டட்' (இனிப் பயன்படுத்தாமல் விடுவது நல்லது) என்ற குறிப்போடு. நீங்கள் ஒரே ஞாயிறு ராத்திரியில் எல்லாவற்றையும் தாண்டிக் குதித்தீர்கள்.

உங்கள் டெஸ்ட் பட்டியலையும் பார்த்தோம். ஆபீஸ் லாகினுக்கு வாடகை தெரிகிறதா என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது. டிரைவர் லாகினுக்கு அது மறுக்கப்படுகிறதா என்று ஒன்றுகூட இல்லை.

இப்போதைக்கு வாடகை சேனலை முழுவதும் நிறுத்திவைத்து, பழையபடி நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறோம். வரும் வெள்ளிக்குள் வாடகை விதி மேலே போக வேண்டும், மறுப்பு வரிகள் திரும்ப வர வேண்டும், காலி இன்டர்செப்டரும் ஒரிஜின் நட்சத்திரமும் நீங்க வேண்டும். இதற்குத் தனியாகப் பில் போடாதீர்கள். டிரைவர் லாகினில் மறுப்பு வருவதை என் ஆபீஸில், என் முன்னால் ஓட்டிக் காட்டுங்கள். மைக்ரேஷன் நடந்த நாளிலிருந்து யார் யார் எந்த சேனலைக் கேட்டார்கள் என்று சர்வர் பதிவேட்டில் (லாக்) எது இருந்தாலும் கொடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதிக் கொடுங்கள். அதுவரை மூன்றாம் தவணை தருவதாக இல்லை.

கொல்கத்தா போன டிரைவருக்கு 3,000 கூட்டிக் கொடுத்து அனுப்பினேன். அந்த ரசீதையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
லாரி புக்கிங் ஆபீஸ், நாமக்கல்.