11ஆம் பக்கம் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்கத் தலைவர், செயலாளர், கல்விக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். போன மாதம் லண்டனில் நீங்கள் நடத்திய உயர்தர (ஏ லெவல்) பாடத் தெரிவு மாலை நிகழ்ச்சி பற்றித்தான் எழுதுகிறேன். மேடையில் என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை, முன்வரிசையில் இருந்தீர்கள். செயலாளருக்கு இரண்டு முறை வாட்ஸ்அப்பில் எழுதினேன். நீலக்கோடு விழுந்தது, பதில் வரவில்லை. அதனால்தான் இப்படி எல்லாரும் பார்க்க எழுத வேண்டியதாயிற்று.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அன்று நீங்கள் கொடுத்த வழிகாட்டிக் கையேட்டின் 11ஆம் பக்கத்தைத் திருத்துங்கள். திருத்தியதை, கையேடு வாங்கிப்போன பெற்றோர் எல்லாருக்கும் அனுப்பிவையுங்கள்.

அந்தப் பக்கத்தில் 'தவிர்க்க வேண்டிய பாடங்கள்' என்று ஒரு பெட்டி. பெட்டியில் முதலாவதாக ஃபிலிம் ஸ்டடீஸ், அதாவது திரைப்படக் கல்வி. ஆதாரம் 'ரஸ்ஸல் குழுமப் பல்கலைக்கழகங்களின் பட்டியல்' என்று கீழே பொடி எழுத்தில். ரஸ்ஸல் குழுமம் என்பது பிரித்தானியாவின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் கூட்டமைப்பு. அந்தப் பட்டியல் 2011இல் வந்தது. கணிதம், பௌதிகம், வரலாறு, மொழிகள் போன்றவற்றை எடுத்தால் பல பட்டப்படிப்புகளுக்கு வழி திறந்திருக்கும் என்பதுதான் அதன் சாரம். மற்றப் பாடங்களைத் தொடாதே என்று அதில் இல்லை. அதையும் 2019இல் அவர்களே கைவிட்டார்கள். அவர்கள் விட்டதை நாங்கள் இன்னும் பிடித்துக்கொண்டு இருக்கிறோம். பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் புள்ளிக் கணக்கில் ஒரு பாடத்தில் ஏ எடுத்தால் 48 புள்ளி. அந்த ஏ பௌதிகத்தில் வந்ததா ஃபிலிமில் வந்ததா என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. மருத்துவம் படிக்க இரசாயனம் வேண்டும், பொறியியலுக்குக் கணிதம் வேண்டும் என்று எழுதுங்கள், அது உண்மை, நானும் சரி என்பேன். ஆனால் பெட்டி கட்டி 'தவிர்க்க' என்று எழுத உங்களுக்கு யார் சொன்னது?

என் மகள் சிக்ஸ்த் ஃபோர்ம் கல்லூரியில், அதாவது உயர்தரம் படிக்கும் கல்லூரியில், இரண்டாம் வருடம். கணிதம், ஆங்கில இலக்கியம், ஃபிலிம் என மூன்று பாடம். பதினொராம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தன் அனுபவத்தைச் சொல்லவென்று நீங்கள்தான் அவளை மேடைக்கு அழைத்தீர்கள். பாடங்களைச் சொன்னாள். தொகுப்பாளர் ஒலிவாங்கியை இழுத்து, "படம் பாக்கிறதுக்கும் சோதனையோ? அப்ப எங்கட வீட்டில எல்லாருக்கும் ஏ ஸ்டார்தான்!" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. அவள் சொல்ல எழுதிக்கொண்டு வந்த தாள் மடித்தபடியே கையில் இருந்தது.

வரும் வழியில், சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது கேட்டாள்: "அப்பா, இனி ஆராவது கேட்டா சைக்கோலஜி எண்டு சொல்லட்டே?"

படம் பார்க்கிற சோதனை எப்படி இருக்கும் என்று அந்த ஒலிவாங்கி கேட்கவில்லை, நான் சொல்கிறேன். எடுகாஸ் என்ற பரீட்சைச் சபையின் பாடத்திட்டத்தில் இரண்டரை மணி நேர எழுத்துச் சோதனை இரண்டு, சேர்த்து 70 வீதம். பழைய ஹொலிவூட்டிலிருந்து மௌனப்படம், ஆவணப்படம், பரிசோதனைப்படம் வரை அதில் வரும். மிச்சம் 30 வீதத்துக்குப் பிள்ளை தானே ஒரு குறும்படம் எடுக்க வேண்டும், அல்லது திரைக்கதை எழுத வேண்டும். அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதிக் கொடுக்க வேண்டும். குறும்படம் ஐந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது.

அந்த ஐந்து நிமிடத்துக்காக எங்கள் குசினி மூன்று சனிக்கிழமை அவளிடம் போனது. அம்மம்மா இடியப்பம் பிழிவதுதான் படம். ஆவி பட்டு லென்ஸ் மங்குகிறது என்று கமராவை அடுப்புக்கு எந்தப் பக்கம் வைப்பது என்பதிலேயே முதல் சனி போயிற்று. இரண்டாவது சனி, ஃபிரிட்ஜ் இரைச்சல் ஒலிப்பதிவில் விழுகிறது என்று அதை நிறுத்தினாள். திரும்பப் போட மறந்தாள். இரண்டு கிலோ மீன் குப்பைக்குப் போனது, அதற்கு நான் பேசியதும் உண்டு. மூன்றாவது சனி, உரலை அமத்தும் கையை மட்டும் பதினேழு தடவை எடுத்தாள். "ஏன் பிள்ளை, எல்லாம் ஒரே கைதானே?" என்று அம்மம்மா கேட்டார். மடிக்கணினியைக் கொண்டுபோய்க் காட்டினாள். ஒன்றில் முகத்தைக் காட்டிவிட்டுக் கை, இன்னொன்றில் கையைக் காட்டிவிட்டு முகம். முதலாவதில் அம்மம்மா சமைக்கிறார். இரண்டாவதில் அம்மம்மாவுக்குக் கை நோகிறது. அந்தக் கை நோவை இருபது வருடமாக நான் கவனிக்கவில்லை.

இதைத்தான் அவர்கள் படிக்கிறார்கள், ஐயா.

அதுவும் சினிமாவைப் பார்த்து யார் சிரிப்பது? மண்டபக் கடனைக் கட்டுவதற்குச் சென்னையிலிருந்து நடிகர்களை இறக்கி நட்சத்திர இரவு வைத்த சங்கம் இது. முன்வரிசைக் கதிரைக்கு நடந்த அடிபாடு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நடிகரோடு நின்று எடுத்த படம் கூடத்தில் தொங்கலாம், படம் எடுப்பதைப் பிள்ளை படித்தால் மட்டும் வெட்கமோ? மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த இயக்குநர் பாலு மகேந்திரா பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். அவர் காலமானபோது எங்கள் மண்ணின் மைந்தன் என்று நாங்கள் எல்லாரும்தான் பகிர்ந்தோம். மைந்தன் ஆன பிறகு பெருமை, மாணவனாக இருக்கும்போது பகிடி. இன்னொன்று, 2017இல் தொடங்கிய எடுகாஸ் பாடத்திட்டத்தின் உலகப் படப் பட்டியலில் மணிரத்னத்தின் 'தில் சே'யும் இருந்தது. நாங்கள் 'உயிரே' என்று வீடியோக் கடையில் வாடகைக்கு எடுத்துப் பார்த்த அதே படம். அதைப் பற்றி வெள்ளைக்காரப் பிள்ளை சோதனையில் பக்கம் பக்கமாக எழுதலாம், எங்கள் பிள்ளை தவிர்க்க வேண்டும்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் பிள்ளைகளுக்கும் நீங்கள் சம்பளம் இல்லாமல் செய்வது எனக்குத் தெரியும். என் மகள் தமிழ் எழுதப் படித்ததும் அந்த வகுப்பில்தான்.

ஆகவே பணிவாக மறுபடியும் கேட்கிறேன், 11ஆம் பக்கத்தைத் திருத்துங்கள். எந்தப் பட்டப்படிப்புக்கு எந்தப் பாடம் கட்டாயம் என்று ஒரு அட்டவணை போடுங்கள், அந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள். தட்டெழுதித் தர நான் ஆயத்தம். அன்று வாசல் மேசையில் எல்லாரும் பெயரும் மின்னஞ்சலும் எழுதினோம், அந்தக் கொப்பி உங்களிடம்தான் இருக்கும். பிள்ளைகள் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிற காலம் இது, அதனால் இந்த மாதத்துக்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும்.

தொகுப்பாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வருடம் அதே மாலையில் ஒரு ஐந்து நிமிடமும் ஒரு புரொஜெக்டரும் தந்தால் போதும். அம்மம்மாவும் வருவதாகச் சொல்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் சங்க உறுப்பினர்களில் ஒருவன்