பேரனின் உயரத்தில் மாட்டு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. வலி போனதும் பயிற்சியையும் சேர்த்து வழியனுப்பி வைப்பவள் நீ என்று எனக்குத் தெரியாதா? இங்கே எல்லாரும் சௌக்கியம். கண்ணில் புரை எடுத்த பிறகு ஊசியில் நூல் கோக்க எனக்கு யார் தயவும் வேண்டியிருக்கவில்லை. அந்தத் தெம்பில் நானும் பேத்தியும் சேர்ந்து வீடு பூராவும் காகிதத் துண்டாக்கி வைத்திருக்கிறோம். மருமகள் ஒன்றும் சொல்வதில்லை, துடைப்பத்தை மட்டும் எங்கள் கண்ணில் படும்படி சாத்தி வைக்கிறாள்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பருவத்துக்குப் பருவம் வீட்டைப் பேரனோடு சேர்ந்து அலங்கரிக்கலாம் என்று ஆசைப்பட்டு, வீடியோ பார்த்து, சாமானெல்லாம் வாங்கி வைத்து உட்கார்ந்தால், அவன் கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடிவிட்டான், மிச்சத்தை நீயே செய்து முடித்தாய் என்று எழுதியிருந்தாய். ‘அழகாகத்தான் வந்தது, ஆனால் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை’ என்ற வரியைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். அவன் எதற்குப் பார்க்க வேண்டும்? அது நீ செய்தது. வீடியோவில் வந்தது போலவே இருக்க வேண்டும் என்று நீ நினைத்த கணமே அவனுக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது.

அதைக் கொண்டுபோய் எங்கே மாட்டியிருக்கிறாய், பார். வாசல் நிலைக்கு மேலே! மூன்று வயதுப் பிள்ளை ஒரு மீட்டர்கூட இருக்க மாட்டான். அவன் கண்ணுக்கு அந்த இடம் இருப்பதே தெரியாது. முதலில் அதைக் கீழே இறக்கு. சுவரில் அவன் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கயிறு கட்டி, துணிக்குப் போடுகிற கிளிப் பத்துப் பன்னிரண்டை அதில் மாட்டி விடு. கயிற்றின் இரண்டு முனையையும் ஆணியில் இறுக்கமாகக் கட்டு, தொய்வாகத் தொங்கினால் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பயம் உண்டு. அவ்வளவுதான் ஏற்பாடு. இனி எதை மாட்டுவது, எதை எடுப்பது, தலைகீழாகத் தொங்கவிடுவதா என்பதெல்லாம் அவன் பாடு. கிளிப்பை அழுத்தித் திறக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உழைக்க வேண்டும். நாளைக்குப் பென்சில் பிடிக்கவும் கத்தரிக்கோல் பிடிக்கவும் அதே விரல்கள்தான் வேண்டும். எங்கள் வீட்டுக் கயிற்றில் இப்போது ஒரு காய்ந்த இலை, ஒரு பழைய ரசீது, ஒற்றைக் கால் சாக்ஸ் மூன்றும் தொங்குகின்றன. சாக்ஸ் எந்தப் பருவத்துக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் நீளும்.

அலங்காரம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று நானும் யோசித்துப் பார்த்தேன். நமக்கு அது கண்ணுக்கு. அவர்களுக்கு அது காலண்டர் என்று எனக்குப் படுகிறது. ‘அடுத்த மாசம்’ என்றால் அந்த வயதில் என்ன புரியும்? நேற்று என்பதற்கும் போன வருஷம் என்பதற்கும் பேத்திக்கு இன்னும் பேதமில்லை. அதனால் ஏதாவது ஒரு நாளுக்காக அவள் காத்திருந்தால் காகிதச் சங்கிலி செய்துவிடுகிறோம். இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்தில் பட்டைகள். ஒன்றை வளைத்து ஒட்டி, அடுத்ததை அதற்குள் நுழைத்து ஒட்ட வேண்டும். எத்தனை நாள் பாக்கியோ அத்தனை வளையம். தினமும் காலையில் ஒன்றைக் கிழிப்பாள். சங்கிலி குட்டையாவது கண்ணெதிரே தெரிகிறது. ‘இன்னும் எத்தனை நாள் பாட்டி?’ என்ற நச்சரிப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. ஒட்டுவதற்கு மாவுப் பசையே போதும். ஒரு பங்கு மைதாவுக்கு நாலு பங்கு தண்ணீர் ஊற்றி, கட்டி தட்டாமல் கிண்டி, கொதித்துப் பளபளப்பு வந்ததும் இறக்கு. இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும், கொஞ்சமாகவே காய்ச்சு.

வெயில் காலத்தில் வெயிலையே வேலைக்கு வைத்துக்கொள். கடையில் மட்டமான வண்ணக் காகிதமாகப் பார்த்து வாங்கு, கரும் நீலமோ ஊதாவோ இருந்தால் நல்லது. உசத்தியான காகிதம் சாயம் போகாது, அதனால் இதற்கு உதவாது. அதன்மேல் இலை, சாவி, சீப்பு எதையாவது பரப்பி, காற்றில் பறக்காமல் கல் வைத்துச் சுள்ளென்று வெயில் விழும் இடத்தில் போட்டுவிடு. நாள் முழுக்க, தேவைப்பட்டால் மறுநாளும் கிடக்கட்டும். புற ஊதாக் கதிர் பட்டுச் சாயம் வெளுத்திருக்கும். மூடியிருந்த இடம் மட்டும் அப்படியே இருக்கும். இலையை எடுத்தால் இலையின் உருவம் காகிதத்தில்! பேத்தி அதை ‘இலையோட நிழல் ஒட்டிக்கிச்சு’ என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. 1842-ல் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி இரும்பு உப்புகளைக் காகிதத்தில் பூசி வெயிலில் நீலமாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ் என்ற அம்மாள் கடற்பாசிகளைக் காகிதத்தில் வைத்து அந்த முறையில் படமெடுத்துப் பதிப்பிக்க ஆரம்பித்துவிட்டார். கட்டட வரைபடத்தை ‘புளூ பிரின்ட்’ என்று சொல்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். நமக்கு அந்த ரசாயனமெல்லாம் வேண்டாம், சாயம் போகிற காகிதமே போதும்.

இலை உதிரும் காலம்தான் எனக்குப் பிடித்தது, செலவே கிடையாது. நடக்கப் போகும்போது ஒரு பையைக் கையில் கொடுத்துவிடு. ‘இலைக்கு யார் மஞ்சள் பெயின்ட் அடிச்சாங்க?’ என்று பேத்தி கேட்டாள். யாரும் அடிக்கவில்லை, மஞ்சள் முன்பே உள்ளே இருந்தது, பச்சை அதை மறைத்துக்கொண்டிருந்தது, இப்போது பச்சை போனதும் மஞ்சள் வெளியே வந்துவிட்டது என்றேன். பச்சையம் சிதைந்துபோன பிறகு தெரிகிற நிறம் அது. சில மரங்களில் வரும் சிவப்பு மட்டும் வேறு கதை, உதிரப்போகும் நேரத்தில் இலை புதிதாக உண்டாக்குவது. ‘ஒளிஞ்சு விளையாடிச்சா?’ என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கொண்டுவந்த இலைகளைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கு. முதல் சில நாள் தாளை மாற்றிக்கொண்டே இரு, ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். ஓரிரு வாரத்தில் தகடாகிவிடும். சதைப்பற்றுள்ள இலை வேண்டாம், மெல்லியதே சரி. அதுவரை காத்திருக்கப் பொறுமையில்லாத பிள்ளைக்கு இலைத் தேய்ப்பு இருக்கிறது. நரம்பு புடைத்திருக்கும் பின்பக்கம் மேலே வரும்படி இலையை வைத்து, மேலே மெல்லிய தாளைப் போட்டு, கிரேயானின் உறையை உரித்துப் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். நுனியால் கிறுக்கினால் ஒன்றும் வராது. நரம்பு ஒவ்வொன்றாகத் தெரிந்து வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

உப்பு மாவு பொம்மை செய்யலாமா என்று கேட்டிருந்தாய். செய்யலாம், ஆனால் மழைக் காலத்தில் வேண்டாம். இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, கிட்டத்தட்ட ஒரு கப் தண்ணீர், இதுதான் கணக்கு. பிசைந்து, தட்டி, நட்சத்திரமோ மீனோ வெட்டி, மாட்டுவதற்கு ஓட்டை போட்டுவிட்டுக் காயவிட வேண்டும். காய்ந்த பிறகு ஓட்டை போட முயன்றால் உடைந்துபோகும். ஓவன் இருந்தால் நூறு டிகிரி சூட்டில் சில மணி நேரம். ஆனால் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அடைமழை நாளில் கல்லாக இருந்த மீன் சவசவ என்று ஆகி நூலை அறுத்துக்கொண்டு கீழே விழுந்துவிடும். வார்னிஷ் அடித்தால் கொஞ்சம் தாங்கும். இன்னொன்றும் உண்டு: பிசைந்த மாவை அவன் வாயில் போடாமல் பார்த்துக்கொள். நக்கினால் முகம் சுளித்துத் துப்பிவிடுவான், அது பரவாயில்லை. நிறைய விழுங்கினால் அவ்வளவு உப்பு உடம்புக்கு ஆபத்து. உங்கள் நாய்க்கும் அப்படித்தான், அதற்குத் துப்பத் தெரியாது.

மழை நாளுக்கு மெழுகு வேலைதான் சரி. வெள்ளைத் தாளில் வெள்ளைக் கிரேயானால் கோடு கோடாகப் போடச் சொல். ஒன்றும் தெரியாது. அதன்மேல் நீல வாட்டர் கலரைத் தண்ணியாகக் கரைத்துப் பூசினால், மெழுகு தண்ணீரை ஒட்டவிடாது, வெள்ளைக் கோடெல்லாம் மழையாகப் பெய்யும்.

குளிர் காலத்துக்குப் பனி நட்சத்திரம். நாமெல்லாம் காகிதத்தைப் பாதி, பாதியில் பாதி என்று மடித்தே பழகியவர்கள், அதனால் நாம் வெட்டுவது நாலு மூலையோ எட்டு மூலையோ உள்ள நட்சத்திரமாகிவிடும். பனிச் செதிலுக்கு ஆறுதான். ஏன் எப்போதும் ஆறு என்று 1611-லேயே கெப்ளர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார், நட்சத்திரங்களை ஆராய்ந்த அதே கெப்ளர். தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோண அடுக்கில் அமைவதுதான் காரணம் என்பது ரொம்பப் பின்னால் தெரிந்தது. செய்வது சுலபம். தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்டு. பாதியாக மடி. அந்த அரை வட்டத்தை மூன்று சம பங்காக மடி. வந்ததை இன்னொரு தடவை பாதியாக மடி, அப்போதுதான் ஆறு பக்கமும் ஒரே மாதிரி வரும். பிறகு ஓரங்களில் அவன் இஷ்டத்துக்கு வெட்டட்டும். மடிப்பது உன் வேலை, வெட்டுவது அவன் வேலை, பிரிப்பதும் அவன்தான். பிரிக்கிற சந்தோஷத்தை நீ எடுத்துக்கொள்ளாதே.

கத்தரிக்கோல் என்றதும் ஞாபகம் வருகிறது. அவன் இடது கையால் சாப்பிடுகிறான் என்று முன்பு எழுதியிருந்தாய், அப்படியானால் இதைக் கவனமாகப் படி. என் பேத்தியும் இடதுகைக்காரி. காகிதம் வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவில் மடங்கி மடங்கிப் போனது. பிள்ளைக்குக் கை பழகவில்லை என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். கை இல்லை, கத்தரிக்கோல்தான் சரியில்லை. வலது கையால் வெட்டும்போது நம் விரல்களின் அழுத்தம் அலகுகளை ஒன்றோடொன்று நெருக்கும். அதே கத்தரிக்கோலை இடது கையில் கொடுத்தால் அந்த அழுத்தமே அலகுகளை விலக்கிவிடும். போதாததற்கு மேல் அலகு வெட்டும் கோட்டையும் மறைக்கும். இடது கைக்கென்றே அலகு மாற்றி வைத்த கத்தரிக்கோல் விற்கிறார்கள். பிடி மட்டும் இரண்டு கைக்கும் பொருந்துவதாகச் சொல்லி விற்பதை வாங்காதே, அலகு மாறியிருக்கிறதா என்று பார். மொட்டை முனையாக இருக்கட்டும். இந்த வயதில் அவன் நறுக் நறுக்கென்று ஓரத்தை வெட்டினாலே பெரிய காரியம். நேர்க்கோட்டில் வெட்டுவது நாலு வயது வாக்கில்தான் வரும்.

செய்து முடித்தால் சாக்லேட் தருகிறேன் என்று சொல்லி உட்கார வைத்தேன் என்று எழுதியதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. 1973-ல் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்த இருவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஸ்கெட்ச் பேனாவால் ஆசை ஆசையாகப் படம் போடும் நர்சரிப் பிள்ளைகள் சிலருக்கு ‘வரைந்தால் சான்றிதழ்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, வரைந்ததும் சான்றிதழைக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பேனாவைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களில் பாதியளவுதான் இருந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு அந்தக் குறை வரவில்லை. ஆக, கொடுக்க ஆசையாக இருந்தால் கொடு, பேரம் மட்டும் பேசாதே. ‘சூப்பர், அருமை’ என்று ஓயாமல் சொல்வதையும் நான் குறைத்துக்கொண்டேன். ‘இங்கே ஏன் கறுப்பு?’ என்று கேட்டால் ஒரு கதையே வருகிறது.

முடிந்ததைக் கழற்றும் நாளும் அவனுக்குத் தெரிய வேண்டும். தூங்கும்போது கழற்றிக் குப்பையில் போடுகிற வேலை வேண்டாம், காலையில் தேடுவான். ஒரு அட்டைப் பெட்டி வை. பருவத்துக்கு ஒன்றோ இரண்டோ அவனே எடுத்து உள்ளே வைக்கட்டும், பின்பக்கம் நீ தேதி எழுது. மிச்சத்தை அவனோடு சேர்ந்தே கிழித்துப் போடு. கிழிப்பதில் அவர்களுக்கு இருக்கும் ஆனந்தம் செய்வதில் இருப்பதற்குச் சற்றும் குறைந்ததில்லை.

ஜிகினாத் தூளை மட்டும் வீட்டுக்குள் விடாதே. பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், கழுவினால் நேராகச் சாக்கடைக்குப் போகும். உதிரி பிளாஸ்டிக் ஜிகினா விற்பதை 2023 அக்டோபரிலேயே ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது. நம் காரணம் அதைவிடச் சின்னது: ஒரு தடவை கொட்டினால் அடுத்த வருஷம் வரை தலையணையில் மின்னும்.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். உன் பேரனின் கையைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அடுத்த கடிதத்தோடு அனுப்பு. பேத்தி தன் கையோடு அளந்து பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
உன் தோழி

பின்குறிப்பு: மணி, பொத்தான், கூழாங்கல் எதுவாக இருந்தாலும் டாய்லெட் பேப்பர் உருளைக்குள் போட்டுப் பார். உள்ளே நுழைந்து போனால் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை தொண்டையில் சிக்கும் அளவு என்று வைத்துக்கொள். அவனுக்கு இப்போதுதான் மூன்று முடிந்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் அந்தச் சோதனையை விடாதே. பட்டன் பேட்டரி போட்ட குட்டி விளக்குகளை வாங்கியிருந்தால் மூடி திருகாணியால் இறுக்கியிருக்கிறதா என்று இன்றே பார். அந்தப் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.